ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும்: ஆன் பண்ணினதும் எது திறக்கணும்? முடிவு செய்வது எப்படி?

சித்தூர் மாவட்டம் விஜயபுரத்தில் உங்கள் வீடு, சென்னையில் வேலை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வருகிறீர்கள். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ், உபுண்டு லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. உபுண்டுவை நீங்கள்தான் போட்டீர்கள். கோடிங் பழக அது வேண்டும். அப்பா விசைத்தறிக் கணக்கை டேலியில் எழுதுகிறார். அதற்கு விண்டோஸ் வேண்டும்.

திங்கள் காலை அப்பாவிடமிருந்து போன். "என்னப்பா இது, ஏதோ கறுப்பா எழுத்து எழுத்தா வந்துச்சு, அப்புறம் வேற ஏதோ திறக்குது. டேலியைக் காணோம்."

டேலி எங்கேயும் போகவில்லை. ஆன் செய்ததும் எது திறக்க வேண்டும் என்ற முடிவை நீங்கள் எடுக்கவில்லை. அதனால் கம்ப்யூட்டரே ஒரு முடிவு எடுத்துவிட்டது. அவ்வளவுதான்.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கம்ப்யூட்டரில் எதை டிஃபால்ட்டாக வைப்பது, எப்படி மாற்றுவது, மாற்றும் முன் எதைப் பத்திரப்படுத்துவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டூயல் பூட் என்றால் என்ன?

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளங்களைத் தனித்தனிப் பகுதிகளில் நிறுவி, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் டூயல் பூட். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மற்றொன்றுக்குப் போக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

ஆன் செய்ததும் ஒரு பட்டியல் வரும். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது 'கிரப்' என்ற பூட் லோடரின் பட்டியல். அது பொதுவாக 5 முதல் 10 வினாடி வரை காத்திருக்கும். அதற்குள் நீங்கள் எதையும் தேர்வு செய்யாவிட்டால், தனக்குச் சொல்லிவைத்திருப்பதைத் திறந்துவிடும். அதுதான் டிஃபால்ட்.

நீங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் டிஃபால்ட் எதுவாக இருந்தாலும் பெரிய கவலை இல்லை. அம்புக்குறி பட்டனை ஒரு தடவை தட்டினால் போதும். நீங்கள் இல்லாதபோதுதான் அது முக்கியமாகிறது. அப்பா ஆன் செய்யும்போது, கரண்ட் போய் வந்து கம்ப்யூட்டர் தானாக எழும்போது, நள்ளிரவில் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும்போது, சென்னையிலிருந்து நீங்கள் ரிமோட்டில் நுழைய முயலும்போது. இந்த நான்கு நேரத்திலும் உங்கள் சார்பில் முடிவெடுப்பது டிஃபால்ட்தான்.

முதலில் வருவது ஏன் இவ்வளவு முக்கியம்?

தமிழ்நாட்டில் 2011-12 காலத்தில் பிளஸ் டூ அல்லது கல்லூரி படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் அருகே காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கான தமிழ் மாணவர்கள் டூயல் பூட் என்ற பெயரே தெரியாமல் டூயல் பூட் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2007-இல் முதல் பதிப்பு வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மெனுக்களைப் பார்க்கலாம். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த லேப்டாப் வாங்கிய உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பாஸா? ஏதோ ஒண்ணு லிஸ்ட்ல வரும், நான் தொட்டதே இல்ல" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர் கிடைப்பார்கள். இயங்குதளம் கைக்கு வந்தாலும், ஆன் செய்ததும் எது வருகிறதோ, பக்கத்தில் இருப்பவருக்கு எது தெரிகிறதோ, அதுதான் பழக்கமாகிறது.

இந்தப் பட்டியலுக்காக நீதிமன்றப் படி ஏறிய கதையும் உண்டு. 1990-களின் இறுதியில் 'பிஓஎஸ்' என்ற இயங்குதளம் இருந்தது. ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் தன் கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுடன் அதையும் சேர்த்து நிறுவி விற்றது. ஆனால் ஆன் செய்யும்போது இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் பட்டியல் அதில் வரவில்லை. வாங்கியவர் தனியாகச் சில வேலைகளைச் செய்தால்தான் பிஓஎஸ் கண்ணுக்கே தெரியும். அந்தப் பட்டியலைக் காட்டவிடாமல் மைக்ரோசாஃப்ட் தன் லைசென்ஸ் ஒப்பந்தங்கள் மூலம் தடுத்தது என்பது பிஓஎஸ்ஸை உருவாக்கிய 'பி' நிறுவனத்தின் குற்றச்சாட்டு. 2002-இல் வழக்குத் தொடர்ந்தது. 2003-இல், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமல், மைக்ரோசாஃப்ட் 2.325 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் பி நிறுவனமே இல்லாமல் போய்விட்டது.

கம்பெனிகள் அந்தச் சில வினாடிகளுக்காக இவ்வளவு தூரம் போகின்றன. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது நம் கையில் இருக்கிறது.

உங்களுக்கு எது சரி?

"எது நல்ல இயங்குதளம்?" என்ற சண்டைக்குள் போக வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி இது: நான் பக்கத்தில் இல்லாதபோது இந்தக் கம்ப்யூட்டர் எந்த வேலைக்குத் தயாராக இருக்கணும்?

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்: விண்டோஸை டிஃபால்ட்டாக வையுங்கள். டேலி, ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் போன்றவை விண்டோஸில் ஓடும். லினக்ஸ் பதிப்பு கிடையாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவர்களுக்கும் விண்டோஸில்தான் சிக்கல் குறைவு. லினக்ஸ் தேவைப்படுவது உங்களுக்கு மட்டும்தான் என்றால், பட்டனைத் தட்டும் சிரமத்தையும் நீங்களே எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

ஆன்லைன் தேர்வு எழுதுகிறவர்: தேர்வு நடத்துபவர் என்ன கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். உதாரணமாக, தேர்வு நேரத்தில் வேறெதையும் திறக்கவிடாத 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கு உண்டு, லினக்ஸுக்கு இல்லை. தேர்வுக் காலம் முடியும்வரை விண்டோஸே டிஃபால்ட்டாக இருக்கட்டும்.

மென்பொருள் வேலை, சர்வர், டேட்டா பக்கம் இருப்பவர்: தினமும் எட்டு மணி நேரம் லினக்ஸில்தான் இருக்கிறீர்கள் என்றால் லினக்ஸை டிஃபால்ட்டாக வையுங்கள். தினமும் பத்து வினாடி பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வெளியூரிலிருந்து ரிமோட்டில் நுழைகிறவர்: ரிமோட் வசதியை எந்த இயங்குதளத்தில் அமைத்திருக்கிறீர்களோ அதுதான் டிஃபால்ட்டாக இருக்க வேண்டும். இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. வீட்டில் கரண்ட் போய் வந்து, கம்ப்யூட்டர் மற்றொன்றில் எழுந்துவிட்டால், அடுத்த சனிக்கிழமை வரை நீங்கள் வெளியேதான். இரண்டிலும் ரிமோட் வசதி அமைத்துவைப்பது இன்னும் நல்லது.

கேம் ஆடுகிறவர்: வேலரன்ட் போன்ற சில ஆன்லைன் கேம்கள் லினக்ஸில் ஓடாது. இரவு மட்டும்தான் ஆட்டம் என்றால் அதற்காக டிஃபால்ட்டை மாற்ற வேண்டாம். பட்டியலில் தேர்வு செய்துகொள்ளலாம்.

ஆபீஸ் லேப்டாப்: இதில் டூயல் பூட் செய்யும் முன் ஐடி பிரிவின் அனுமதியைக் கேளுங்கள். கேட்காமல் கை வைக்காதீர்கள்.

முடிவெடுக்க முடியவில்லையா? நடுவழி ஒன்று உண்டு. 'கடைசியாக எதைத் திறந்தேனோ அதையே மறுபடி திற' என்று கிரப்பிடம் சொல்லிவைக்கலாம். இதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் பெரிய அப்டேட் போடும்போது இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகும். லினக்ஸ் டிஃபால்ட்டாக இருந்தால், முதல் ரீஸ்டார்ட்டிலேயே கம்ப்யூட்டர் லினக்ஸுக்குள் போய் நின்றுவிடும். விண்டோஸ் அப்டேட் பாதியில் தொங்கும். நீங்கள் அவசரமாக விண்டோஸைத் திறக்கும் நாளில்தான் 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று வந்து நிற்கும். கடைசியாகத் திறந்ததையே திறக்கும் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது. ஞாயிறு மாலை நீங்கள் கடைசியாக லினக்ஸைத் திறந்துவிட்டுப் போனால், திங்கள் காலை அப்பாவுக்கு லினக்ஸ்தான் வரும். மறுபடி அதே போன்தான்.

மாற்றும் முன் செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

ஒன்று, பிட்லாக்கர் ரெகவரி கீ. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பதிப்பில் இதன் பெயர் டிவைஸ் என்கிரிப்ஷன். பூட் வரிசையை மாற்றினாலோ, கிரப் வழியாக விண்டோஸைத் திறந்தாலோ, 'ஏதோ மாறியிருக்கிறது' என்று சந்தேகப்பட்டு விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஃபைல்களைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தால், டிவைஸ்கள் பகுதியில் ரெகவரி கீ இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போட்டோ எடுத்து அதே லேப்டாப்பில் வைத்தால் பயனில்லை. இன்னொன்று: லேப்டாப்பை முதலில் செட்டப் செய்தவர் யாரோ, அவருடைய அக்கவுன்ட்டில்தான் கீ இருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடி போட்டுச் செட்டப் செய்து கொடுத்திருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பது. இந்த வசதி இயங்கும்போது, நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவுக்குள் ஃபைல் எழுதினால் டேட்டா கெட்டுப்போகலாம். அதனால்தான் பல நேரங்களில் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடுகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

மூன்று, பேக்கப். டிஃபால்ட்டை மாற்றுவதால் ஃபைல்கள் அழியாது. ஆனாலும் பூட் விஷயத்தில் கை வைக்கும் நாளில், முக்கியமான ஃபைல்கள் வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி இருப்பது நல்லது. ஒரு லினக்ஸ் பென்டிரைவும் கையில் இருக்கட்டும். ஏதாவது சொதப்பினால் அதை வைத்துதான் சரிசெய்ய முடியும்.

மாற்றுவது எப்படி?

பலரும் குழம்புவது இங்கேதான். முடிவெடுக்கும் இடம் ஒன்றல்ல, இரண்டு.

முதல் இடம், கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ. பழைய பெயரில் பயாஸ். 'முதலில் யாரைக் கூப்பிடுவது?' என்ற வரிசை இதில் இருக்கிறது. 'உபுண்டு' முதலில் இருந்தால் கிரப் பட்டியல் வரும். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருந்தால் கிரப் வராமல் நேராக விண்டோஸ் திறக்கும். லினக்ஸ் போட்ட பிறகும் பட்டியலே வரவில்லை என்றால் லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும்.

இரண்டாவது இடம், கிரப் பட்டியல். அது வந்த பிறகு, எத்தனை வினாடி காத்திருப்பது, எதைத் திறப்பது என்பது இதற்குள் தீர்மானமாகிறது.

விண்டோஸுக்குள் இருக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில் 'பூட்' பகுதியைத் திறந்து, 'லினக்ஸே இல்லையே' என்று தேடுகிறவர்கள் உண்டு. யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் தன்னுடைய பதிப்புகளை மட்டும்தான் அங்கே காட்டும். அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

வழி 1: எப்போதும் விண்டோஸே வர வேண்டும், பட்டியலும் வேண்டாம்

யூஇஎஃப்ஐ செட்டிங்கில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு நகர்த்திச் சேமித்தால் போதும். ஆன் செய்ததும் எஃப்2 பட்டனைத் தொடர்ந்து தட்டினால் டெல், ஏசர், ஏசஸ், லெனோவோ லேப்டாப்கள் பலவற்றில் செட்டிங் திறக்கும். எச்பியில் எஃப்10. மாடலுக்கு மாடல் மாறலாம்.

லினக்ஸ் வேண்டும்போது ஒரு தடவைக்கு மட்டும் பூட் மெனுவைக் கூப்பிடுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் செட்டிங்கில் அந்த வசதியை முதலில் ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். அப்பா டேலி பார்க்கும் கம்ப்யூட்டருக்கு இதுதான் சரியான வழி. அவர் கண்ணில் கறுப்புத் திரையே படாது.

வழி 2: கிரப் பட்டியல் வேண்டும், டிஃபால்ட் மட்டும் மாற வேண்டும்

லினக்ஸைத் திறந்து, டெர்மினலில் அட்மின் அனுமதியோடு கிரப்பின் செட்டிங் ஃபைலைத் திறக்க வேண்டும். 'இடிசி' ஃபோல்டருக்குள் 'டிஃபால்ட்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'கிரப்' என்ற ஃபைல். இந்தப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். உள்ளே கீழ்க்கண்ட வரிகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும்.

'கிரப் டிஃபால்ட்' என்ற வரியில் பொதுவாக 0 என்று இருக்கும். அதாவது பட்டியலில் முதலில் இருப்பதைத் திற. எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்கும் என்பதை மறக்காதீர்கள். விண்டோஸ் மூன்றாவதாக இருந்தால் அதன் எண் 2.

எண் போடுவது சுலபம். ஆனால் ஆபத்தும் அதில்தான். அப்டேட்டுக்குப் பிறகு பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்தால், 2 என்பது வேறொன்றைக் குறிக்கத் தொடங்கிவிடும். அதனால் எண்ணுக்குப் பதிலாகப் பட்டியலில் தெரியும் முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். ஒரு எழுத்து, ஒரு இடைவெளிகூட மாறக்கூடாது.

கடைசியாகத் திறந்ததே திறக்க வேண்டும் என்றால் அதே வரியில் எண்ணுக்குப் பதில் 'சேவ்டு' என்று எழுதி, அடுத்த வரியில் 'கிரப் சேவ்டிஃபால்ட்' என்பதற்கு 'ட்ரூ' என்று கொடுங்கள்.

காத்திருக்கும் நேரம் 'கிரப் டைம்அவுட்' வரியில் இருக்கிறது. அதை 0 ஆக்காதீர்கள். ஏதாவது கோளாறு வரும் நாளில் பட்டியலைப் பிடிக்க முடியாமல் தவிப்பீர்கள். 3 முதல் 5 வினாடி போதும்.

சேமித்த பிறகு அட்மின் அனுமதியோடு 'அப்டேட்-கிரப்' கட்டளையைக் கொடுத்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும். பலர் மறப்பது இதைத்தான். உபுண்டு, மின்ட், டெபியன், பாஸ் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டளை. ஃபெடோராவில் 'கிரப்2-எம்கேகான்ஃபிக்' என்ற வேறு கட்டளை. டெர்மினல் வேண்டாம் என்பவர்களுக்கு 'கிரப் கஸ்டமைசர்' என்ற செயலி உண்டு. அதில் மௌஸாலேயே மாற்றலாம்.

பட்டியலில் விண்டோஸே இல்லையா? 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பு முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதே ஃபைலில் 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்' என்ற வரிக்கு 'ஃபால்ஸ்' என்று கொடுத்து மறுபடி அப்டேட் செய்யுங்கள்.

வழி 3: இன்றைக்கு ஒரு தடவை மட்டும்

டிஃபால்ட்டைத் தொடாமல் அடுத்த ரீஸ்டார்ட்டை மட்டும் மாற்றலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போய் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப்பைத் தட்டுங்கள். அதில் 'யூஸ் எ டிவைஸ்' வழியாக உபுண்டுவைத் தேர்வு செய்யலாம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு, கிரப் டிஃபால்ட் 'சேவ்டு' என்று இருந்தால், 'கிரப்-ரீபூட்' கட்டளை அடுத்த ஒரு முறைக்கு மட்டும் வேலை செய்யும். சென்னையிலிருந்து ரிமோட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

மாற்றிய பிறகு வரும் சிக்கல்கள்

மணி ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறதா? இது வைரஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். இதனால் வெப்சைட்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டலாம். ஆத்தென்டிகேட்டர் செயலியின் எண்கள் வேலை செய்யாமல் போகலாம். லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை மூலம் உள்ளூர் நேரத்தையே பயன்படுத்தச் சொன்னால் தீர்ந்தது.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் காணாமல் போனதா? சில பெரிய அப்டேட்களுக்குப் பிறகு விண்டோஸ் தன்னை வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்திருக்கும். யூஇஎஃப்ஐ செட்டிங்கில் உபுண்டுவை மறுபடி மேலே ஏற்றினால் போதும்.

அதைவிடப் பெரிய சம்பவம் 2024 ஆகஸ்ட் 13 அன்று நடந்தது. மைக்ரோசாஃப்ட் அன்று வெளியிட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, உலகம் முழுவதும் பல டூயல் பூட் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் திறக்க மறுத்தது. 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அணைந்தது. பழைய, ஓட்டையுள்ள பூட் லோடர்களைத் தடுப்பதற்காக வந்த அப்டேட் அது. டூயல் பூட் கம்ப்யூட்டர்களுக்கு அது பொருந்தாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் டூயல் பூட் என்பதைக் கண்டுபிடிக்கும் சோதனை சில கம்ப்யூட்டர்களில் தவறிவிட்டது. முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது.

அந்த நாளில் விண்டோஸ் வழக்கம்போல் திறந்தது. லினக்ஸில் மட்டுமே வேலை செய்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இதில் பாடம் ஒன்று இருக்கிறது. எதை டிஃபால்ட்டாக வைத்தாலும், மற்றொன்றையும் வேலைக்குத் தகுந்த நிலையில் வைத்திருங்கள். பிரவுசர், மெயில், தமிழ்99 விசைப்பலகை, முக்கிய ஃபைல்களின் காப்பி இரண்டு பக்கமும் இருக்கட்டும்.

மாதத்துக்கு ஒரு நாள் இரண்டாவது இயங்குதளத்தைத் திறந்து அப்டேட் போடுங்கள். எது அதிகம் ஓடுகிறதோ அதுதான் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட்களைப் பெறும். ஆறு மாதம் தூங்கிய இயங்குதளத்தை அவசரத்துக்குத் திறந்து நெட்டில் இணைப்பது, பூட்டாத வீட்டுக்குள் படுப்பது மாதிரி.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் முதலில் அறிவிக்கப்பட்ட கெடு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப், ஓரளவு புதிய பிராசசர் எல்லாம் வேண்டும். பழைய லேப்டாப்கள் பலவற்றில் அவை இல்லை.

அப்படிப்பட்ட லேப்டாப் உங்களிடம் இருந்தால் கணக்கு மாறுகிறது. பேங்க், மெயில், பிரவுசிங் போன்ற நெட் வேலைகளுக்கு அப்டேட் கிடைக்கும் லினக்ஸை டிஃபால்ட்டாக வையுங்கள். விண்டோஸை, அது இல்லாமல் ஓடாத ஒன்றிரண்டு மென்பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரவுசர் எங்கே, பிரின்ட் எடுப்பது எப்படி என்று ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் பழகிவிடும்.

டூயல் பூட்டே வேண்டாமா?

அதுவும் நியாயமான கேள்விதான். விண்டோஸ் 11-க்குள்ளேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி மூலம் லினக்ஸை ஓட்டலாம். ரீஸ்டார்ட் தேவையில்லை. பைதான் பழக, லினக்ஸ் கட்டளைகள் கற்க, வெப் டெவலப்மென்ட் செய்ய இதுவே பலருக்குப் போதும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்து ஓடும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். லினக்ஸின் முழு வேகமும் வேண்டும், அல்லது விண்டோஸை விட்டு மெல்ல வெளியேற வேண்டும் என்பவர்களுக்கு டூயல் பூட்தான் சரி.

சுருக்கமாக

• வீட்டுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்: யூஇஎஃப்ஐ வரிசையில் விண்டோஸ் முதலில். லினக்ஸுக்குப் பூட் மெனு பட்டன்.
• உங்களுக்கு மட்டுமான லேப்டாப்: கடைசியாகத் திறந்ததே திறக்கட்டும். 5 வினாடி காத்திருப்பு.
• ரிமோட்டில் பயன்படுத்துவது: ரிமோட் வசதி எதில் இருக்கிறதோ அது.
• விண்டோஸ் 10-இலேயே நிற்கும் பழைய லேப்டாப்: லினக்ஸ்.
• எதைச் செய்தாலும் முதலில்: பிட்லாக்கர் ரெகவரி கீயை எழுதி வைப்பது.

அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாற்றியதும் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, ஆன் செய்யும் வேலையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் தள்ளி நில்லுங்கள். உங்களைக் கூப்பிடாமல் அவர் டேலி வரை போய்விட்டால் டிஃபால்ட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். போய்விட்டாரா? நிம்மதியாகச் சென்னைக்கு ரயில் ஏறலாம்.